கடலுக்கு ஒரு டார்ச் லைட்!

சென்னையில் மற்ற பேட்டைகளுக்கெல்லாம் காலை ஆறு மணிக்குப் பொழுது விடிகிறது. காசிமேட்டுக்கு மட்டும் ராத்திரி இரண்டு மணிக்கே விடிந்துவிடுகிறது!

நீங்களும் நானும் ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டுக் குறட்டை விடும் அந்த நேரத்தில், இங்கே ஐஸ் உடைக்கிற மெஷின் கரகரக்கிறது. ‘ஓரம்போ... ஓரம்போ...’ என்று மீன்பாடி வண்டிகள் பாய்கின்றன. கூடை கூடையாக வஞ்சிரம், சங்கரா, நெத்திலி. ஏலம் விடுகிறவர் பேசுகிற வேகத்தில் நம் டி.வி. செய்தி வாசிப்பாளர்கள் வாசித்தால், அரைமணி நேரச் செய்தி ஆறு நிமிஷத்தில் முடிந்துவிடும். டீக்கடையில் பால் பொங்குகிறது. கொஞ்சம் தள்ளி, 1856-ல் திறக்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ஸ்டேஷனான ராயபுரம் ரயில் நிலையம், வயசான பெரியவர் மாதிரி எதையும் கண்டுகொள்ளாமல் தூங்குகிறது.

இந்த அமர்க்களத்திலிருந்து விலகி, படகுகள் கட்டியிருக்கும் பக்கம் வந்து கடலைப் பாருங்கள். கும்மிருட்டு! தூரத்தில், துறைமுகத்துக்குள் நுழைய முறை வரும்வரை நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் கப்பல்களின் விளக்குகள் மட்டும் ஒரு சின்ன ஊர் மாதிரி மினுக்குகின்றன. அந்த இருட்டுக்குள்தான் முப்பதடி நீளம்கூட இல்லாத ஃபைபர் படகுகள் ‘டபடப’ என்று புறப்பட்டுப் போகின்றன.

பெரிய விசைப்படகுகளுக்கு வீல்ஹவுஸ் உண்டு. பேட்டரி, ஜி.பி.எஸ்., வயர்லெஸ் எல்லாம் உண்டு. ஃபைபர் படகில் கூரைகூடக் கிடையாது. பின்னால் ஒருவர் இன்ஜினைப் பிடித்துக்கொண்டிருப்பார். முன்னால், அணியத்தில், இன்னொருவர் கையில் ஒரு லைட்டோடு நிற்பார்.

அந்த லைட்தான் இந்தக் கட்டுரையின் கதாநாயகன்!

“ஒரு டார்ச் லைட் வாங்குவதற்கு ஒரு கட்டுரையா?” என்று சிரிக்காதீர்கள். 2017 ஜனவரி 28-ம் தேதி விடியற்காலையில், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு டேங்கர் கப்பல்கள் மோதிக்கொண்டன. கடலில் கொட்டிய எண்ணெயை நம் ஆட்கள் வாளியில் அள்ளினார்களே, ஞாபகம் இருக்கிறதா? ரேடார், படித்த கேப்டன், பளிச் விளக்குகள் என்று சகலமும் வைத்திருந்த கப்பல்களுக்கே இந்தக் கதி. ஃபைபர் படகு ரேடாரில் சரியாகத் தெரியவும் தெரியாது. இரும்பு மாதிரி ரேடார் அலையைத் திருப்பி அனுப்பாது ஃபைபர்.

பன்னிரண்டு நாட் வேகத்தில் வருகிற கப்பல், நிமிஷத்துக்குச் சுமார் 370 மீட்டர் வருகிறது. ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதே என்று நீங்கள் பீடி பற்ற வைத்து முடிப்பதற்குள் பக்கத்தில் வந்து நிற்கும்!

‘பொட்டி மேல இன்னா எழுதிக் கீது?’

இந்த விஷயத்தில் எனக்கு குருநாதர் ஒரு படகுக்காரர். எங்கள் ஆபீஸ் கேன்டீனுக்கு மீன் போடுகிறவரின் மச்சான். வயது ஐம்பதுக்கு மேல். அதில் முப்பத்தைந்து வருஷம் கடலில் கழித்தவர். போன வடகிழக்குப் பருவமழை சமயத்தில், மீன்பிடித் துறைமுக வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் அவருடைய லைட் பொட்டென்று அணைந்துவிட்டதாம். முன்னால் கல் கொட்டிய அலைத்தடுப்பு. மேலே மழை. சுற்றிலும் மை இருட்டு.

“அப்புறம் என்னண்ணே பண்ணீங்க?”

“இன்னா பண்றது? இன்ஜினை ஆஃப் பண்ட்டு நங்கூரத்தைப் போட்டு, வெளிலயே குந்திக்கினு இருந்தோம். விடியங்காட்டியும் செல்போன் லைட்டைக் காட்டிக்கினே இருந்தான் என் பையன். மீனு நாறிப் போச்சு. பரவால்ல, உசுரு நாறல!”

அந்த லைட் வாங்கி இரண்டு மாசம்கூட ஆகவில்லை. பெட்டி மேலே ‘வாட்டர் ப்ரூஃப்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததாம். அதனால்தான் இந்தத் தடவை என்னை இழுத்தார்.

“சார், பொட்டி மேல நெறைய இங்கிலீஷு எழுதிக் கீது. நீங்க ஆபீஸருங்கோ. எது நெசம், எது டூப்புன்னு படிச்சிச் சொல்லுங்க. பட்ஜெட்டு மூவாயிரத்து ஐந்நூறு. அதுக்கு மேல போனா என் சம்சாரம் என்னையே கடல்ல போட்ரும்!”

ரிச்சி தெருவில் 300 வாட்

மவுன்ட் ரோடு ரிச்சி தெருவுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். செல்போன் சார்ஜரிலிருந்து சி.சி.டி.வி. வரைக்கும் எது வேண்டுமானாலும் கிடைக்கிற தெரு. நடக்க இடம் மட்டும் கிடைக்காது.

முதல் கடையில் இருந்த தம்பி, கையடக்க லைட் ஒன்றை எடுத்து எதிர்க் கட்டடத்தின் மூன்றாவது மாடி ஜன்னலில் அடித்தார். உள்ளே யாரோ திட்டும் சத்தம் கேட்டது.

“பாருங்க சார், 300 வாட்டு! ஒரு கிலோமீட்டர் பாயும்!”

நான் பக்கத்துக் கடையில் ஒரு மல்டிமீட்டரை இரவல் வாங்கினேன். (இது ரிச்சி தெருவில் மட்டுமே நடக்கிற காரியம்.) பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் அந்த லைட்டைப் போட்டு, எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். 1.6 ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். பன்னிரண்டை 1.6-ஆல் பெருக்குங்கள்... பத்தொன்பது வாட் சொச்சம்!

“மிச்சம் இருநூத்தி எண்பது வாட்டு எங்கே தம்பி?”

“அது... சைனா வாட்டு சார்!”

இந்தப் பெருக்கல் கணக்கு மூன்றாம் வகுப்புப் பாடம்தான். ஆனால் பெட்டி மேல் இருக்கிற எண்ணை நம்பாமல் போட்டுப் பார்த்தால் பாதிப் பணம் மிச்சம். ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பத்தொன்பது வாட்டே ஃபைபர் படகுக்குத் தாராளம். பழைய ஹாலஜன் லைட் ஒன்று 55 வாட் இழுக்கும். அதாவது நாலரை ஆம்பியருக்கு மேல். 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி தீருகிறவரை எரிய விட்டால் ஆறரை மணி நேரம் வரும். அதே பேட்டரியில் பத்தொன்பது வாட் எல்.இ.டி. பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் வரும். நடுக்கடலில் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணவும் பேட்டரியில் கொஞ்சம் உயிர் மிச்சம் இருக்க வேண்டும் இல்லையா?

அடுத்தது லூமன். ‘இருபதாயிரம் லூமன்’ என்று ஒரு பெட்டி கூவியது. லூமன் என்பது விளக்கிலிருந்து வெளியே வருகிற மொத்த வெளிச்சம். நம் வீட்டுப் பழைய நாலடி ட்யூப்லைட்கூட இரண்டாயிரத்துக்கு மேல் லூமன் கொடுக்கும். அதற்காக ட்யூப்லைட்டைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போனால் என்ன தெரியும்? உங்கள் முகம்தான் தெரியும்! அதன் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறிவிடும். (ஆபீஸில் சிலரை ட்யூப்லைட் என்று சொல்கிறோமே, அது வேறு காரணத்துக்காக.)

தூரத்துக்குப் பாய்கிற சக்திக்குப் பெயர் கேண்டெலா. அதற்கு ஒரு சுலபமான சூத்திரம் இருக்கிறது. கேண்டெலாவுக்கு வர்க்கமூலம் எடுத்து இரண்டால் பெருக்கினால், மீட்டரில் தூரம். பத்தாயிரம் கேண்டெலா என்றால் 200 மீட்டர். நாற்பதாயிரம் என்றால் 400 மீட்டர். ஒரு கிலோமீட்டர் பாய இரண்டரை லட்சம் கேண்டெலா வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம்... அந்தக் கடைசி மீட்டரில் விழுகிற வெளிச்சம் கிட்டத்தட்ட பௌர்ணமி நிலவு அளவுதான். டார்ச் கம்பெனிகள் வைத்திருக்கிற கணக்கே அதுதான். நிலவொளியில் காதலி முகம் தெரியும். மிதவைக் கயிறு தெரியுமா? எனவே சொல்லுகிற தூரத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் நம்ப வேண்டும்.

படகுக்காரரிடம் கேட்டேன். “அண்ணே, உங்களுக்கு எவ்ளோ தூரம் தெரியணும்?”

அவர் யோசிக்கவே இல்லை. “அடுத்தவன் போட்டு வச்சிக் கீற வலை மெதப்பு, தூண்டி வளைவுக் கல்லு, எதிர்ல வர்ற போட்டு. நூறு மீட்டரு, நூத்தம்பது மீட்டரு தெரிஞ்சா போதும் சார். அதுக்குள்ள திருப்பிடுவேன்.”

கணக்குப் போட்டேன். எட்டு நாட் வேகத்தில் போகிற படகு விநாடிக்கு நாலு மீட்டர் போகும். நூறு மீட்டர் முன்னால் தெரிந்தால் இருபத்தைந்து விநாடி அவகாசம். முப்பத்தைந்து வருஷ அனுபவத்துக்கு அது ரொம்பப் போதும். ஆக, ஐம்பதாயிரம் கேண்டெலா இருந்தால் சரி. ஒரு கிலோமீட்டர் பாய்கிற லைட் யாருக்கு வேண்டும்? இலங்கைக்கு சிக்னல் கொடுக்கப் போகிறோமா?

தண்ணீரில் போடலாமா, தம்பி?

இப்போதுதான் நிஜமான விஷயத்துக்கு வருகிறோம். கடலில் லைட்டைக் கொல்வது இருட்டு இல்லை, உப்புத் தண்ணீர்!

நல்ல லைட் பெட்டியில் ‘ஐ.பி.’ என்று போட்டு இரண்டு இலக்கம் இருக்கும். முதல் இலக்கம் தூசுக்கு, இரண்டாவது இலக்கம் தண்ணீருக்கு. உலகம் முழுக்க ஒரே கணக்கு. கடைசியில் 4 என்றால் தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும். நம் வீட்டு வாசல் மழைக்கு அது போதும். 5, 6 என்றால் குழாயால் பீய்ச்சி அடித்தாலும் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் மூழ்கினாலும் தாங்கும். 8 என்றால் அதைவிட அதிகம். எவ்வளவு என்பதைக் கம்பெனிக்காரர்தான் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை என்றால் அந்த 8, சினிமா விளம்பரத்தில் போடுகிற ‘வெற்றிகரமான 8-வது வாரம்’ மாதிரிதான்!

இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். 7 வாங்கிய லைட் 6-ஐயும் தாங்கும் என்று நினைக்கிறோம். அப்படிக் கிடையாது. அசையாத தண்ணீரில் சாதுவாக மூழ்கிக் கிடப்பது ஒரு பரீட்சை. அலை வந்து ‘பொளேர்’ என்று அறைவது வேறொரு பரீட்சை. தமிழில் பாஸ் பண்ணினவன் கணக்கில் பாஸ் என்று சொல்ல முடியாது அல்லவா? படகுக்கு இரண்டும் வேண்டும். ‘66/67’ என்று இரண்டையும் போட்டிருந்தால் கையில் எடுங்கள்.

இன்னொன்று... அந்தப் பரீட்சையெல்லாம் நல்ல தண்ணீரில் நடப்பது! உப்புக்கு அதில் மார்க் கிடையாது. வெறும் ‘வாட்டர் ப்ரூஃப்’ என்று எழுதி, இலக்கமே போடாத பெட்டிகளும் உண்டு. அவற்றுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

என் குருநாதர் தனக்கென்று ஒரு பரீட்சை வைத்திருந்தார். நான் இலக்கம் படித்துக்கொண்டிருக்கும்போதே கடைக்காரத் தம்பியைக் கேட்டார்:

“ஏம்பா... வூட்டாண்ட போயி அரைமணி எரியவுட்டு, வாளித் தண்ணில முக்குவேன். உள்ள தண்ணி பூந்தா திருப்பி எடுத்துப்பியா?”

தம்பியின் முகத்தில் இருந்த 300 வாட்டும் அணைந்துபோனது!

நாலு கடையில் இதே கேள்வி. மூன்று கடையில் கவனம் திடீரென்று வேறு கஸ்டமரிடம் போய்விட்டது. நாலாவது கடைக்காரர் மட்டும், “பில்லை எடுத்துட்டு வாங்கண்ணா, மாத்தித் தர்றேன். ஆனா ஸ்க்ரூவைக் கழட்டக் கூடாது” என்றார். அந்த ஒரு வாக்கியம் எந்த ஐ.பி. நம்பரைவிடவும் உசத்தி.

அதென்ன ‘அரைமணி எரிய விட்டு’? அங்கேதான் விஷயம். லைட் எரியும்போது உள்ளே இருக்கிற காற்று சூடாகி விரியும். திடீரென்று குளிர்ந்த அலை மேலே விழுந்தால் காற்று சுருங்கும். சுருங்குகிற காற்று, ரப்பர் வளையத்தின் இண்டு இடுக்கு வழியாக வெளியில் இருக்கிற தண்ணீரை உள்ளே இழுக்கும். சூடான டம்ளரைத் தண்ணீர் ஊற்றின தட்டில் கவிழ்த்துப் பாருங்கள், தண்ணீர் தானாக உள்ளே ஏறும். அதே சமாசாரம்தான். கடையில் ஜில்லென்று இருக்கும்போது முக்கினால் பாஸாகிற லைட், கடலில் ஃபெயிலாவது இதனால்தான்.

விவரமான கம்பெனிகள் லைட்டின் பின்பக்கம் சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு சின்ன மூச்சுத்துளை வைத்திருப்பார்கள். அதில் இருக்கிற சவ்வு காற்றை விடும், தண்ணீரை விடாது. அந்தப் பொத்தான் இருக்கிற லைட்டுக்கு நூறு ரூபாய் அதிகம் கேட்டால் பேரம் பேசாமல் கொடுத்துவிடலாம்.

காந்தம் வைத்த கையோடு...

அடுத்து ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. கார், பைக் சாமான்களின் சொர்க்கம். மவுன்ட் ரோட்டைத் தாண்டி நடந்தே போய்விடலாம்.

இங்கே ஜீப்புக்கும் புல்லட்டுக்கும் போடுகிற எல்.இ.டி. லைட்டுகள் குவிந்து கிடக்கின்றன. சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கும். பன்னிரண்டு வோல்ட், அலுமினிய உடம்பு, மழையைத் தாங்கும். காசிமேட்டில் பல படகுகளின் அணியத்தில் மின்னுவது இந்த பைக் லைட்டுதான். தப்பே இல்லை. ஆனால் பார்த்து வாங்க வேண்டும்.

படகுக்காரர் சட்டைப் பையிலிருந்து, பழைய ஸ்பீக்கரில் கழற்றின ஒரு காந்தத்தை எடுத்தார். ஒவ்வொரு லைட்டின் ஸ்க்ரூவிலும் ஸ்டாண்டிலும் வைத்து வைத்துப் பார்த்தார். ‘டக்’கென்று ஒட்டினால் அது முலாம் பூசின இரும்பு. ஒரு மாசத்தில் துருப்பிடித்து, ஸ்க்ரூ டிரைவர் வைத்தால் தலை கழன்று வரும். ஒட்டாமல் நழுவினால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதிலும் 316 என்கிற ரகம்தான் உப்புக்கு ராஜா, 304 மந்திரி. ராஜாவா மந்திரியா என்று காந்தத்துக்குத் தெரியாது. இந்த விலைக்கு மந்திரி கிடைத்தாலே அதிர்ஷ்டம்.

பக்கத்தில் ஒரு கடையில் அசல் படகு லைட் ஒன்று இருந்தது. வெளிநாட்டுச் சரக்கு. ரிமோட்டில் அமுக்கினால் இடது வலது திரும்புகிறது. அழகோ அழகு! விலை பதினாலாயிரம். குருநாதர் அதைக் கொஞ்ச நேரம் தடவிக் கொடுத்துவிட்டு, “இத்த வச்சா, போட்டை வுட்டுட்டு லைட்டைத்தான் திருடுவானுங்கோ” என்று கீழே வைத்தார்.

கடைசியில் தேறியது, காந்தம் ஒட்டாத, 66/67 போட்ட, மூச்சுத்துளை வைத்த, பதினெட்டு வாட் லைட் ஒன்று. சுற்றி எல்லா இடத்தையும் காட்டுகிற அகல ஒளி ரகத்தை விட்டுவிட்டு, நேராகப் பாய்கிற ரகம் எடுத்தோம். விலை 1,450 ரூபாய்.

மீதிக் காசில், ரிச்சி தெருவில் சத்தியம் பண்ணிக் கொடுத்த அந்த நாலாவது கடையில் ஒரு கையடக்க லைட். சார்ஜ் பண்ணுகிற ரகம். மஞ்சள் உடம்பு. தண்ணீரில் விழுந்தால் மிதக்கும். கையில் மாட்டிக்கொள்ள கயிறு. 1,650 ரூபாய். இந்த ரகத்தில் தண்ணீர் புகுகிற வாசல், சார்ஜர் செருகுகிற ஓட்டைதான். அதன் ரப்பர் மூடி கெட்டியாக உட்கார்ந்து, நகத்தால் நெம்பினால்தான் திறக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் வேண்டாம். அதற்குள் உப்புத் தண்ணீர் போனால் லித்தியம் பேட்டரி சூடாகித் தீப்பிடிக்கவும் கூடும்.

ஒரே ஒரு பெரிய லைட்டைவிட, நடுத்தர லைட் இரண்டு மேல். ஒன்று செத்தால் இன்னொன்று கரை சேர்க்கும். ஆபீஸில் ஒருத்தர் லீவு போட்டால் அடுத்த சீட்டுக்காரர் ஃபைல் பார்க்கிற மாதிரி. (பார்ப்பார் என்று ஒரு நம்பிக்கைதான்!)

பாயின் வைத்தியம்

லைட் வாங்கியதோடு கதை முடியவில்லை. காசிமேட்டில் படகுகளுக்கு வயரிங் வேலை பார்க்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் ‘பாய்’. அவர் லைட்டைப் பார்க்கவே இல்லை. வயரைத்தான் பார்த்தார்.

“லைட்டு கெட்டுப் போச்சுன்னு எங்கிட்ட வர்றதுல பாதிக்கு மேல லைட்டு நல்லாத்தான் இருக்கும் தம்பி. வயரு செத்திருக்கும்” என்றார்.

சாதாரண செம்புக் கம்பி உப்புக் காற்றில் பச்சையாகி, கறுத்து, உள்ளுக்குள்ளேயே உதிர்ந்துவிடும். ஈயம் பூசின செம்பு வயர் போட்டால் தாங்கும். மீட்டருக்குச் சில ரூபாய்தான் வித்தியாசம். இணைப்பை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது வீட்டுக்குச் சரி, படகுக்கு ஆகாது. சூடு காட்டினால் சுருங்கி, உள்ளே பசையோடு ஒட்டிக்கொள்கிற குழாய் இருக்கிறது. அதைத்தான் பாய் போட்டார். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஐந்து ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று. அலுமினிய உடம்பில் ஸ்டீல் ஸ்க்ரூ ஏறுகிற இடத்தில் கொஞ்சம் கிரீஸ். இல்லாவிட்டால் உப்புத் தண்ணீர் அந்த இரண்டு உலோகங்களுக்கும் நடுவில் சண்டை மூட்டி, அலுமினியத்தை அரித்துவிடும்.

“கரைக்கு வந்ததும் நல்ல தண்ணி ஒரு சொம்பு ஊத்தித் தொடைச்சு வையி. மீனைக் கழுவுறே, லைட்டைக் கழுவ மாட்டியா?” என்று படகுக்காரரை ஒரு அதட்டு அதட்டினார். முப்பத்தைந்து வருஷக் கடல் அனுபவம் தலையைச் சொறிந்தது.

வயர், ஃப்யூஸ், கூலி எல்லாம் சேர்த்து 400 ரூபாய். மொத்தம் 3,500. அண்ணி கடலில் போட வேண்டிய அவசியம் இல்லை!

அடிக்கிற விதம்

வாங்குவதைவிட முக்கியம், அதை எப்படி அடிப்பது என்பது. இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக இருபதிலிருந்து முப்பது நிமிஷம் ஆகும். ஒரு விநாடி பளிச்சென்று வெளிச்சம் கண்ணில் பட்டால், அந்த முப்பது நிமிஷச் சேமிப்பும் காலி. ஃபைபர் படகோ பெரும்பாலும் வெள்ளை. லைட்டைத் தப்பான இடத்தில் பொருத்தினால், படகின் தளமே கண்ணாடி மாதிரி ஓட்டுகிறவர் கண்ணில் அடிக்கும். அதனால் அணியத்தின் நுனியில், முன்பக்கம் தள்ளி, படகின் மேல் ஒரு துளி வெளிச்சமும் விழாதபடி பொருத்தினார்கள். தேவைப்படும்போது பத்து விநாடி போட்டு அணைப்பது. மற்ற நேரமெல்லாம் இருட்டிலேயே பார்ப்பது.

எதிரில் வருகிறவர் கண்ணில் நேராக அடிக்கக் கூடாது. கப்பல்கள் மோதாமல் இருக்க 1972-ல் உலக நாடுகள் சேர்ந்து போட்ட விதிகளிலேயே இது இருக்கிறது. மற்றவர் கவனத்தை இழுக்க லைட் அடிக்கலாம், அது அவரைத் தடுமாற வைக்கக் கூடாது. படபடவென்று வெட்டுகிற ஸ்ட்ரோப் வெளிச்சத்தையும் தவிர்க்கச் சொல்கிறது அதே விதி. மலிவு லைட்டுகளில் ‘டிஸ்கோ’ மாதிரி ஏழு விதமாக மினுக்குகிற பட்டன் இருக்கும். கல்யாண ரிசப்ஷனுக்கு ஆகும், கடலுக்கு ஆகாது.

இடது பக்கச் சிவப்பு, வலது பக்கப் பச்சை, வெள்ளை என்று படகுக்கென்று இருக்கிற விளக்குகள் தனி. அவற்றுக்கு ஸ்பாட் லைட் மாற்று இல்லை. இந்த லைட்டை வைத்து மீனைக் கூட்டிப் பிடிக்கலாமே என்று யாராவது ஐடியா கொடுத்தால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். எல்.இ.டி. வெளிச்சம் போட்டு மீன் பிடிப்பதை மத்திய அரசு 2017 நவம்பரிலேயே தடை செய்துவிட்டது.

வாளிப் பரீட்சை நடந்தது. அரைமணி எரிந்த லைட், அரைமணி வாளிக்குள். எடுத்துத் துடைத்து, கண்ணாடிக்குள் பனி மாதிரி மூட்டம் இருக்கிறதா என்று அப்பாவும் மகனும் மாறி மாறிப் பார்த்தார்கள். இல்லை. பாஸ்!

அன்றைக்கு ராத்திரியே துறைமுகத்துக்குள் நிறுத்தியிருந்த படகிலிருந்து ஒரு வெள்ளோட்டம். பையன் அணியத்தில் நின்று ஸ்விட்சைப் போட்டான். அலைத்தடுப்புக் கல் ஒவ்வொன்றும், கல் மேல் உட்கார்ந்திருந்த ஒரு பூனையும், பூனை வாயில் இருந்த மீனும்கூடத் தெளிவாகத் தெரிந்தன.

“எப்படிண்ணே, கப்பல்காரனுக்குத் தெரியுமா?” என்றேன்.

படகுக்காரர் லைட்டைப் பார்க்கவில்லை. ஸ்விட்சின் மேல் விரலை வைத்துக்கொண்டு நிற்கிற மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவனுக்கு லைட்டு தெரிஞ்சா மட்டும் பத்தாது சார்... அதுக்குப் பின்னால ஆளு கீறான்னு தெரியணும். அதுக்குத்தான் இந்த மூவாயிரத்து ஐந்நூறு” என்றார்.